ஆகஸ்ட் வில்சனின் பத்து நாடகங்கள்: எங்கிருந்து தொடங்குவது, எதை மேடையேற்றுவது?

கேள்வி: கோத்தகிரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரியை அடுத்த எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாடகங்களை உரக்க வாசித்து வருகிறோம். தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும், பள்ளி ஆசிரியர்கள் இருவரும், தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். இதுவரை தமிழ் நாடகங்களையே வாசித்து வந்த நாங்கள், டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்த 'ஃபென்சஸ்' திரைப்படத்தை அண்மையில் ஒன்றாக அமர்ந்து பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களில் வேறு பேச்சே இல்லை. குப்பை அள்ளும் தொழிலாளியான டிராய் மாக்சன் தன் மகனிடம், உன்னைப் பிடித்திருக்கிறது என்பதற்காகவா உனக்குச் சோறு போடுகிறேன், அது என் கடமை என்று சொல்லும் இடத்தில், எங்களில் பலருக்கும் சொந்தத் தகப்பனாரின் குரல் கேட்டது.

அந்தப் படம் ஆகஸ்ட் வில்சன் எழுதிய மேடை நாடகம் என்பதும், இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக அவர் பத்து நாடகங்கள் எழுதியிருக்கிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இப்போது எங்களுக்கு மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. முதலாவது, இந்தப் பத்தையும் கதை நடக்கும் கால வரிசையில் வாசிப்பதா, அவர் எழுதிய வரிசையில் வாசிப்பதா? இரண்டாவது, புலிட்சர் பரிசை இருமுறை பெற்ற இவருக்கு அமெரிக்காவில் கிடைத்த வரவேற்பு எத்தகையது. அவரைக் குறை சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்? மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. 'ஃபென்சஸ்' நாடகத்தைத் தமிழில் எங்கள் ஊர்த் திடலில் போடலாமா? குழுவில் ஒரு சாரார், டிராயை ஒரு தோட்டத் தொழிலாளியாக மாற்றிவிட்டால் அப்படியே நம் கதையாகிவிடும் என்கிறார்கள். இன்னொரு சாரார், நம் கதை நம் கையிலேயே இருக்கும்போது இன்னொருவருடைய கதையை வாங்கி உடுத்த வேண்டுமா என்று கேட்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்

நண்பருக்கு வணக்கம். பல ஆண்டுகள் அமெரிக்க நாடகங்களை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

எழுதிய வரிசையிலேயே வாசியுங்கள் என்பதுதான் என் உறுதியான எண்ணம். கதை நடக்கும் காலத்தை வைத்துப் பார்த்தால் 1904-இல் நடக்கும் 'ஜெம் ஆஃப் த ஓஷன்' முதலில் வரும். ஆனால் அது வில்சன் தம் வாழ்நாளின் இறுதியில், முந்தைய நாடகங்கள் அனைத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. அதில் வரும் எஸ்தர் அத்தைக்கு வயது 285 என்று படித்தவுடன் புதிய வாசகர் திகைத்துப் போவார். கறுப்பின மக்கள் வர்ஜீனியாவில் வந்து இறங்கிய 1619-ஆம் ஆண்டுதான் அவருடைய பிறந்த ஆண்டு என்பதும், அவர் அந்த மக்களின் நினைவையே சுமக்கும் பாத்திரம் என்பதும், 'டூ டிரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்தில் அவரைப் பற்றி மற்றவர்கள் பேசக் கேட்டுவிட்டு வந்தவருக்கே முழுமையாகப் பிடிபடும். அந்த நாடகத்தில் அவர் மேடைக்கு வருவதே இல்லை. 'கிங் ஹெட்லி த செகண்ட்' நாடகத்தில் அவர் இறந்துவிட்ட செய்தி வருகிறது. இந்த இரண்டையும் எழுதிய பிறகுதான் அவரை நேரில் காட்ட வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது.

மேலும், பத்து நாடகங்கள் எழுத வேண்டும் என்ற திட்டத்தோடு அவர் தொடங்கவும் இல்லை. 'ஜிட்னி' 1970-களிலும் 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' 1920-களிலும் நடக்கும் கதைகள். வெவ்வேறு பத்தாண்டுகளில் நடக்கும் நாடகங்களைத் தாம் எழுதியிருப்பதைக் கவனித்த பின்னரே, இதை ஒரு வரிசையாக நிறைவு செய்யலாமே என்று முடிவு செய்தார். அந்த முடிவுக்குப் பிறகு அவருடைய பார்வை எப்படி அகன்றது என்பதை எழுதிய வரிசையில் வாசித்தால்தான் காண முடியும்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பிறந்தார். தந்தை பிரெடெரிக் கிட்டல், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஜெர்மானிய மொழிக்காரர், அடுமனைத் தொழிலாளி; அவர் வீட்டில் தங்கியதே குறைவு. தாய் டெய்சி வில்சன், வீடுகளில் துப்புரவு வேலை செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்மணி. மளிகைக் கடை ஒன்றின் பின்புறத்து வீட்டில்தான் அக்குடும்பம் வாழ்ந்தது. பதினைந்து வயதில், நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை, இதை நீ எழுதியிருக்க முடியாது என்று ஆசிரியர் ஒருவர் ஐயப்பட்டதால் பள்ளியை விட்டு வெளியேறினார். வீட்டில் சொல்லாமல் நாள்தோறும் கார்னகி நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தம்மைத் தாமே வளர்த்துக்கொண்டார். அதே நூலகம் பிற்காலத்தில் அவருக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழை மதிப்புறு பட்டமாக வழங்கியது.

1965-இல் இருபது டாலருக்குப் பழைய தட்டச்சுப் பொறி ஒன்றை வாங்கி, தந்தையின் பெயரை விட்டுத் தாயின் குடும்பப் பெயரை ஏற்று, ஆகஸ்ட் வில்சன் என்று தம்மை அழைத்துக்கொண்டார். அப்போது அவர் கவிஞராக வேண்டும் என்றே விரும்பினார். 1968-இல் நண்பர் ராப் பென்னியுடன் சேர்ந்து பிளாக் ஹொரைசன் என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோதுகூட அவருக்கு உரையாடல் எழுத வரவில்லை. பாத்திரங்களை எப்படிப் பேச வைப்பது என்று அவர் பென்னியிடம் கேட்க, நீ பேச வைக்க வேண்டாம், அவர்கள் பேசுவதைக் கேள் என்று பென்னி சொன்னாராம். அந்த அறிவுரை பலிக்கப் பத்தாண்டு பிடித்தது. 1978-இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்த அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சிறு நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஹில் டிஸ்ட்ரிக்டின் சுருட்டுக் கடையிலும் உணவு விடுதிகளிலும் முதியவர்கள் பேசிய பேச்சு அவர் காதில் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. ஊரைவிட்டு விலகிய பிறகே ஊர் எழுத்தில் வந்து சேர்ந்தது.

கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த யூஜின் ஓநீல் நாடக மையம் ஆண்டுதோறும் புதிய நாடகங்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டை தீட்டும். வில்சன் அனுப்பிய நாடகங்கள் பல முறை திரும்பி வந்தன. 1982-இல் 'மா ரெய்னி' ஏற்கப்பட்டது. அங்கே அவருக்குக் கிடைத்தவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தை 1959-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் இயக்கியவர் அவர்தான். அப்போது யேல் நாடகக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். 1984-இல் பிராட்வேக்கு வந்த 'மா ரெய்னி' தொடங்கி 1996-இன் 'செவன் கிட்டார்ஸ்' வரை ஆறு நாடகங்களை ரிச்சர்ட்ஸே இயக்கினார்.

இவ்விருவரும் கடைப்பிடித்த முறையை உங்கள் குழு ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு நாடகத்தை யேலில் முதலில் போடுவார்கள். பிறகு பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் என்று வெவ்வேறு நகரங்களின் அரங்குகளில் மாதக் கணக்கில் போடுவார்கள். ஒவ்வோர் ஊரிலும் பார்வையாளர் நடுவே அமர்ந்து வில்சன் திருத்தி எழுதிக்கொண்டே இருப்பார். நியூயார்க்கின் விமர்சகர்கள் பார்க்கும்போது அது பல ஊர்களின் வெயிலிலும் மழையிலும் காய்ந்து வந்த நாடகமாக இருக்கும். 'ஃபென்சஸ்' 1985-இல் யேலில் அரங்கேறி, 1987-இல்தான் பிராட்வேக்கு வந்தது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் டிராயாக நடித்த அந்த நாடகம் 525 காட்சிகள் நடந்தது. புலிட்சர் பரிசு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது இரண்டையும் பெற்றது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே 1988-இல் 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' பிராட்வேயில் அரங்கேறியதால், ஒரே நேரத்தில் அவருடைய இரண்டு நாடகங்கள் அங்கே நடந்தன. 1990-இல் 'த பியானோ லெசன்' அவருக்கு இரண்டாவது புலிட்சரைப் பெற்றுத் தந்தது.

வரவேற்பு எப்போதும் ஒரே சீராக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ஜோ டர்னர்' தமக்கு மிகவும் பிடித்த நாடகம் என்று வில்சன் சொல்லியிருக்கிறார், விமர்சகர்களும் கொண்டாடினார்கள், ஆனாலும் 'ஃபென்சஸ்' ஓடிய அளவுக்கு அது ஓடவில்லை. 'கிங் ஹெட்லி', 'ஜெம் ஆஃப் த ஓஷன்' ஆகியவை பிராட்வேயில் சில மாதங்களே நின்றன. நீளம் அதிகம், தனிப்பேச்சுகள் கதையை நிறுத்திவிடுகின்றன என்பது பலர் சொன்ன குறை. என் பார்வையில் அந்தத் தனிப்பேச்சுகள்தாம் அவருடைய உயிர்நாடி. அவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பாட்டிலிருந்து நாடகத்துக்கு வந்தவர். ப்ளூஸ் பாடகர் அவசரப்படுவதில்லை.

பதில்: கூடலூர்வாசி

பேராசிரியர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுதிய வரிசையில் தொடங்கினால் உங்கள் குழு 'மா ரெய்னி'யில் சிக்கிக்கொள்ளும் என்று அஞ்சுகிறேன். பத்தில் அது ஒன்றுதான் பிட்ஸ்பர்க்கில் நடக்காத நாடகம். சிகாகோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பது. 1920-களின் இசைத் தொழிலைப் பற்றிய அறிவு கொஞ்சமேனும் வேண்டும். நீங்கள் 'ஃபென்சஸ்' பார்த்தாயிற்று. அடுத்ததாக 'த பியானோ லெசன்' வாசியுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

என் தாத்தாவும் பாட்டியும் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் என்னைப் போன்ற குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று என் தம்பியும், தொடக்கூடாது என்று என் அம்மாவும் வாக்குவாதம் செய்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் 'த பியானோ லெசன்' எனக்கு வெளிநாட்டு நாடகமாகவே தோன்றவில்லை.

கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் நுணுக்கம் சுருக்கத்தில் பிடிபடாது. 1936-ஆம் ஆண்டு. மிசிசிப்பியிலிருந்து பாய் வில்லி என்ற இளைஞன், லாரி நிறையத் தர்பூசணியை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் மாமா டோக்கரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவனுடைய அக்கா பெர்னீஸ் அந்த வீட்டில் இருக்கிறாள். கூடத்தில் ஒரு பழைய பியானோ நிற்கிறது. தர்பூசணிப் பணம், சேமிப்புப் பணம், இந்தப் பியானோவில் தன் பங்கை விற்ற பணம் மூன்றையும் சேர்த்தால், தன் முன்னோர்கள் அடிமைகளாக உழைத்த சட்டர் குடும்பத்து நிலத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்பது அவன் கணக்கு. பெர்னீஸ் மறுக்கிறாள்.

அந்தப் பியானோ எப்படி வந்தது என்பதை டோக்கர் சொல்லும் இடம்தான் நாடகத்தின் மையம். அடிமை முதலாளி சட்டர், தன் மனைவிக்குத் திருமண நாள் பரிசாகப் பியானோ வாங்க விரும்பினான். கையில் பணம் இல்லாததால், அதற்கு ஈடாக ஒரு பெண்ணையும் அவளுடைய சிறு பையனையும் கொடுத்தான். அந்தப் பெண்ணின் கணவன் தச்சன். பியானோ வந்த பிறகு முதலாளியின் மனைவிக்கு அந்த அடிமைப் பெண் இல்லாத குறை தாங்க முடியவில்லை. அவர்களுடைய முகங்களைப் பியானோவில் செதுக்கித் தரும்படி அந்தத் தச்சனிடமே சொல்கிறார்கள். அவன் மனைவியையும் மகனையும் செதுக்கியதோடு நிற்கவில்லை. தன் தாய், தந்தை, திருமணம், சாவு என்று குடும்பத்தின் வரலாறு முழுவதையும் அந்த மரத்தில் செதுக்கிவிடுகிறான். பிற்காலத்தில் அந்தப் பியானோவை சட்டர் வீட்டிலிருந்து தூக்கிவந்ததற்காகப் பாய் வில்லியின் தந்தை உயிரோடு எரிக்கப்படுகிறார். அவருடைய விதவை பதினேழு ஆண்டுகள் அந்த மரத்தைக் கையில் இரத்தம் கசியும் வரை தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதாகப் பெர்னீஸ் தம்பியிடம் சொல்கிறாள்.

இப்போது விற்பதா, வைத்திருப்பதா? வில்சன் யாரையும் கெட்டவராக்கவில்லை. சும்மா நிற்கும் பியானோவைவிட விதைக்கக்கூடிய நிலம் மேல் என்று தம்பி சொல்வதைக் கேட்டால் அவன் பக்கம் சாய்கிறோம். அக்கா வாயைத் திறந்ததும் அவள் பக்கம் வந்துவிடுகிறோம். அதே நேரத்தில், அவள் அந்தப் பியானோவைத் தானும் வாசிப்பதில்லை, அதில் செதுக்கியிருக்கும் முகங்கள் யாருடையவை என்று தன் மகளுக்கும் சொல்லித் தருவதில்லை என்பதையும் வில்சன் நமக்குக் காட்டிவிடுகிறார். முடிவில் சட்டரின் ஆவியோடு தம்பி மல்லுக்கட்டும்போது, பெர்னீஸ் பியானோவின் முன் அமர்ந்து முன்னோர்களின் பெயர்களைச் சொல்லி அழைத்துப் பாடுகிறாள். ஆவி விலகுகிறது. இந்த ஆவி வரும் பகுதியை அமெரிக்க விமர்சகர்கள் சிலர் ஒட்டாத ஒன்று என்று குறை சொன்னார்கள். குலசாமி இறங்கிப் பேசுவதைப் பார்த்து வளர்ந்த நம் மக்களுக்கு அதில் ஒட்டாதது எதுவும் இருக்காது.

டிராயைத் தோட்டத் தொழிலாளியாக மாற்றும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். டிராய் கறுப்பினத்தவருக்கெனத் தனியே நடந்த பேஸ்பால் ஆட்டங்களில் பேர் எடுத்தவர். வெள்ளையர் அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கத் தொடங்கியபோது அவருக்கு வயது கடந்துவிட்டது. மகனுக்குக் கல்லூரிக் கால்பந்து வாய்ப்பு வரும்போது அதை அவர் முறித்துப்போடுவதன் வேர் அங்கே இருக்கிறது. அந்த வேரை வெட்டிவிட்டு நம் தோட்டத்தில் நட்டால் கடுகடுப்பான தகப்பன் ஒருவன்தான் மிஞ்சுவான்.

பதில்: கொடைக்கானல், நாடகப் பயிற்சியாளர்

வணக்கம். கொடைக்கானலில் பள்ளி மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் நாடகப் பயிற்சி அளித்து வருகிறேன். மேடையேற்றம் பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

வில்சனே இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியிருக்கிறார். 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரின்ஸ்டனில் நடந்த நாடக மாநாட்டில் 'நான் நிற்கும் நிலம்' என்ற பொருளில் அவர் ஆற்றிய உரை அமெரிக்க நாடக உலகைப் பல மாதங்கள் கொதிக்க வைத்தது. நாட்டின் பெரிய வட்டார அரங்குகள் 66-இல் கறுப்பினத்தவருடையது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் என்று அவர் சுட்டிக்காட்டினார். நிறம் பாராமல் யாருக்கும் எந்தப் பாத்திரத்தையும் கொடுக்கும் நடைமுறையை அவர் கடுமையாக எதிர்த்தார். வெள்ளையர் வாழ்க்கையைப் பற்றிய நாடகத்தில் கறுப்பின நடிகர்களை நிறுத்துவது எங்கள் சொந்த வாழ்க்கையையும் வரலாற்றையும் மறுப்பதாகும், எங்களுக்கு வேண்டியது எங்கள் நாடகங்களை எழுதவும் போடவும் எங்கள் அரங்குகள் என்பதே அவர் வாதத்தின் சாரம். விமர்சகரும் அரங்க இயக்குநருமான ராபர்ட் புருஸ்டீன் இதைப் பிரிவினைவாதம் என்று கண்டித்தார். 1997 ஜனவரியில் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். நடிகை அன்னா டெவர் ஸ்மித் நெறிப்படுத்தினார். முன்பு 'த பியானோ லெசன்' நாடகத்தைக் கடுமையாக விமர்சித்தவரும் இதே புருஸ்டீன்தான்.

'ஃபென்சஸ்' படமாவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆனதற்கும் இந்த நிலைப்பாடே காரணம். 1987-இலேயே திரைப்பட உரிமை விற்கப்பட்டுவிட்டது. கறுப்பின இயக்குநர்தான் இயக்க வேண்டும் என்று வில்சன் பிடிவாதமாக நின்றார். 2005 அக்டோபர் 2 அன்று சியாட்டிலில், கல்லீரல் புற்றுநோயால், அறுபதாவது வயதில் அவர் காலமானார். படம் 2016-இல்தான் வந்தது. அவர் எழுதி வைத்திருந்த திரைக்கதையே அதில் பயன்படுத்தப்பட்டது.

ஆகவே, டிராயை நம்மூர்த் தொழிலாளியாக்கும் யோசனை வில்சன் எதை எதிர்த்தாரோ அதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். அதே சமயம், டிராயை டிராயாகவே வைத்து, பிட்ஸ்பர்க்கைப் பிட்ஸ்பர்க்காகவே வைத்து, தமிழில் உரக்க வாசிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. அது இன்னொரு மக்களின் வாழ்க்கையைக் காது கொடுத்துக் கேட்பதாகும். பொதுமக்கள் முன் நிகழ்த்துவதானால், நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும், மொழிபெயர்ப்புக்கும் நிகழ்த்துதலுக்கும் உரிமதாரரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். நூலின் தொடக்கப் பக்கங்களில் யாருக்கு எழுத வேண்டும் என்ற விவரம் அச்சிடப்பட்டிருக்கும். அனுமதி வந்து சேரத் தாமதமாகலாம் என்பதால் மழைக்காலத்திலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.

மேடைக்கு 'ஃபென்சஸ்' மிகவும் தோதான நாடகம். நாடகம் முழுவதும் வீட்டின் முற்றத்தில் நடக்கிறது. வாசல்படி, பாதி எழுப்பிய வேலி, மரக்கிளையில் கட்டித் தொங்கும் கந்தல் பந்து, இவ்வளவு போதும். தொடக்கக் காட்சியைப் பாருங்கள். சம்பளம் வாங்கிய வெள்ளிக்கிழமை மாலை, டிராயும் அவருடைய நண்பர் போனோவும் ஒரு புட்டி மதுவை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். வண்டி ஓட்டுவதெல்லாம் வெள்ளையர்கள், தூக்கிப் போடுவதெல்லாம் கறுப்பர்கள், இது ஏன் என்று மேலாளரிடம் கேட்டுவிட்டதாக டிராய் சொல்கிறார். அது சிரிப்பும் கதையுமாகவே போகிறது. ஆனால் அந்தப் பேச்சுக்குள்ளேயே போனோ, நீ வேறொரு பெண்ணைப் பார்க்கிறாயே என்று மெல்லத் தொட்டுவிடுகிறார். நாடகம் முழுவதையும் உடைக்கப்போகும் செய்தி, குடித்தபடி பேசும் இரு நண்பர்களின் வேடிக்கைப் பேச்சில் வந்து போய்விடுகிறது. நடிப்புப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கேட்டவர்: கோத்தகிரி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து நேற்றைய கூட்டத்தில் வாசித்தோம். டிராயை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். 'ஃபென்சஸ்' நாடகத்தை எங்களுக்குள் தமிழில் வாசிப்பது, அடுத்து 'த பியானோ லெசன்', அதன் பிறகு மற்றவற்றை ஐயா சொன்னபடி எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது.

தையற்கடை அக்கா ஒரு கேள்வி கேட்டார். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ரோஸ் பதினெட்டு ஆண்டுகள் டிராயோடு வாழ்ந்து, அவர் வேறொரு பெண்ணிடம் பெற்ற பிள்ளையையும் வாங்கி வளர்க்கிறாள். இது நம் சினிமாக்களில் வரும் பொறுமைசாலி மனைவியிடமிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது, வில்சனின் பெண்கள் எல்லோரும் ஆண்களின் கதைக்குத் தோள் கொடுக்க வந்தவர்கள்தாமா என்பதே அவர் கேள்வி. இன்னொன்று: ஒரே ஒரு பகுதியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தது அவருக்கு எல்லையாகிவிடவில்லையா?

பதில்: குன்னூர், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்

அந்த அக்காவுக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். அமெரிக்க விமர்சகர்கள் பலரும் எழுப்பிய கேள்வி இது, அதை முற்றாக மறுக்கவும் முடியாது. 'ஃபென்சஸ்' நாடகத்தில் பெரியவர்களாக வரும் பாத்திரங்களில் ரோஸ் ஒருத்திதான் பெண். 'டூ டிரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்திலும் உணவு விடுதியில் வேலை செய்யும் ரிஸா ஒருத்திதான். 'ஜிட்னி'யிலும் அப்படியே. வில்சன் கேட்டு வளர்ந்த பேச்சு ஆண்கள் கூடும் இடங்களின் பேச்சு; அதன் வலிமையும் குறையும் சேர்ந்தே நாடகங்களில் இறங்கியிருக்கின்றன.

ஆனால் ரோஸைப் பொறுமைசாலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே இடத்தில் பதினெட்டு ஆண்டுகள் நின்றுவிட்டேன் என்று டிராய் சொல்லும்போது, நானும் உன்னோடு அதே இடத்தில்தானே நின்றேன், எனக்கு மட்டும் ஆசைகள் இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். தாயில்லாத கைக்குழந்தையோடு டிராய் வந்து நிற்கும்போது, குழந்தை என்ன பாவம் செய்தது என்று கையில் வாங்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு இனித் தாய் உண்டு, உனக்குத்தான் இனிப் பெண் இல்லை என்ற பொருளில் அவள் சொல்லும் ஒரே வரியில் அந்த மணவாழ்க்கை முடிந்துவிடுகிறது. பிள்ளையை ஏற்கிறாள், கணவனை விடுகிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறாள். 2010-இல் பிராட்வேயில் மீண்டும் நடந்தபோது இந்தப் பாத்திரத்துக்காக வயோலா டேவிஸ் டோனி விருதும், பிறகு படத்துக்காக ஆஸ்கரும் பெற்றார். அக்காவையே ரோஸாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பதில்: கூடலூர்வாசி

ஒரே பகுதியைப் பற்றி எழுதியது எல்லையா என்ற கேள்விக்கு நான் எழுதுகிறேன்.

ஹில் டிஸ்ட்ரிக்ட் அசையாமல் நின்ற ஊர் அல்ல. 1950-களின் பிற்பகுதியில் நகர மேம்பாடு என்ற பெயரில் அதன் கீழ்ப்பகுதி முழுவதையும் இடித்துத் தள்ளி, சுமார் 8,000 பேரை வெளியேற்றி, அங்கே விளையாட்டரங்கம் கட்டினார்கள். வில்சன் எழுத வந்தபோது அவர் சிறுவனாகப் பார்த்த ஊரில் பாதி இல்லை. 'டூ டிரெயின்ஸ்' நாடகத்தில் மெம்ஃபிஸ் என்பவரின் உணவு விடுதியை நகராட்சி எடுத்துக்கொள்ளப் போகிறது. 25,000 டாலருக்கு ஒரு காசு குறையக் கூடாது என்று அவர் அடம்பிடித்து, கடைசியில் 35,000 பெறுகிறார். 'ஜிட்னி'யில் வாடகைக்கார் ஓட்டுநர்களின் நிலையம் இடிபடக் காத்திருக்கிறது. கடைசியாக எழுதிய 'ரேடியோ கோல்ஃப்' நாடகத்தில், எஸ்தர் அத்தை வாழ்ந்த வைலி அவென்யூ 1839-ஆம் எண் வீட்டையே இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வருபவர், அதே சமூகத்தில் படித்து முன்னேறி மேயர் தேர்தலில் நிற்கும் ஒரு கறுப்பினத்தவர். நூறாண்டுக் கதையில் வெளியார் இடித்ததிலிருந்து நம்மவரே இடிக்க வருவது வரை வில்சன் வந்து சேர்கிறார். ஒரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் இது தெரியும். ஓய்வு பெற்ற மறுமாதமே தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நாடகங்களில் விளக்கவுரை தேவைப்படாது.

பதில்: கொடைக்கானல், நாடகப் பயிற்சியாளர்

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். 'ஃபென்சஸ்' முழுவதையும் ஒரே அமர்வில் வாசிக்க முயலாதீர்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடிக்கும், தமிழில் இன்னும் கூடும். முதல் அங்கத்தை ஒரு ஞாயிறும் இரண்டாம் அங்கத்தை அடுத்த ஞாயிறும் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருக்கிறதே என்று டிராயின் தனிப்பேச்சுகளை வெட்ட வேண்டாம். சாவோடு மல்லுக்கட்டியதாக அவர் சொல்லும் கதையை வெட்டினால் இரண்டாம் அங்கத்தில் அவர் சாவை எதிர்த்து அறைகூவும் இடம் அந்தரத்தில் நிற்கும். போரில் தலையில் அடிபட்டு மனம் பிசகிய தம்பி கேப்ரியேலுக்குக் குரலை மாற்றிப் பேசாமல் இயல்பாக வாசிக்கக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். கடைசிக் காட்சியில் அவர் ஊதும் எக்காளத்திலிருந்து ஓசை வராது. அந்த இடத்தில் பின்னணி இசை எதையும் சேர்க்காதீர்கள். முதல் அங்கத்தை வாசித்த பிறகு எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள். 'த பியானோ லெசன்' வாசிப்புக்கு அனுமதித்தால் எங்கள் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு கோத்தகிரிக்கு வர விரும்புகிறேன்.